சொட்டு விழாத தாள்

ஆயில் ஒழுகும் இன்ஜினை முதலில் குளிப்பாட்ட வேண்டும் என்பார் அக்கா. மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் வைத்துக்கொண்டு ஓர் இடுக்கு விடாமல் தேய்ப்பார். துடைத்து வெயிலில் காயவைத்த பிறகு, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிய துணியில் முடிந்து இன்ஜின் முழுக்கத் தட்டுவார். கறுத்துக் கிடந்த அலுமினியம் நாடக மேடைக்குக் கிளம்பியதுபோல வெளுத்து நிற்கும். வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த வெள்ளையில் எந்த இடத்தில் முதலில் ஈரம் கோடு போடுகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு வட்டம்.

"சொட்டற இடம் வேற, ஒழுகற இடம் வேற. மேல ராக்கர் பாக்ஸ்ல கிளம்பும். காத்துல பின்னால ஓடி கியர்பாக்ஸுக்கு அடியில வந்து சொட்டும். மத்த மெக்கானிக்குங்க கியர்பாக்ஸைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்பார்.

எங்கள் தெருவில் பதினொரு பட்டறைகள். என்னுடையது லேத். எனக்கு நேர் எதிரே அக்காவும் அவருடைய தம்பியும் சேர்ந்து நடத்திய பட்டறை. அங்கே வந்தவை எல்லாம் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய ஒற்றை சிலிண்டர் சிங்கிள்களும் இரட்டை சிலிண்டர் ட்வின்களும். தம்பி என்றால் சின்னப் பையன் என்று நினைக்க வேண்டாம். என் வயதுதான், நாற்பத்தாறு. அக்கா "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அவன் தம்பியாகிவிட்டான். வெல்டருக்கு இருபத்தைந்து வயது. அவனும் "தம்பி, அந்தச் சுத்தியலைக் குடு" என்பான்.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது தற்செயல். பதினெட்டு வருடம் செருப்புக் கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை. அந்தப் பிரிவை மூடியபோது, வேறு வேலை கிடைக்கும்வரை சும்மா உட்கார வேண்டாமே என்று தம்பியின் பட்டறைக்கு வந்தார். அப்போது தம்பி கட்டிக் கொடுத்த இன்ஜின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. நன்றாக ஓடும், ஆனால் ஒழுகும். திரும்பி வந்த வண்டியில் தம்பி செய்தது ஒன்றுதான்: ஸ்க்ரூவை இன்னும் அரைச் சுற்று இறுக்குவான். அது அடுத்த வாரம் இன்னும் அதிகமாக ஒழுகும்.

இரண்டு நாள் வேடிக்கை பார்த்த அக்கா, ஒரு மூடியைக் கழற்றி ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் கார்பன் தாளை விரித்து அதன்மேல் வைத்து லேசாக நகர்த்தினார். திருப்பிப் பார்த்தால் ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி மட்டும் நீலம் ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

"டேய், நீ இறுக்கி இறுக்கி இந்த இடத்தையெல்லாம் மலையா ஆக்கி வெச்சிருக்க. நடுவுல பள்ளம். பள்ளத்து வழியா ஆயில் நடந்து போகுது. இதை ஒழுகறதுன்னு வேற சொல்ற!"

அன்றிலிருந்து தடித்த கண்ணாடி ஒன்றின் மேல் எமரி தாளை ஒட்டி, எட்டு வடிவத்தில் மூடியைத் தேய்க்கப் பழகினார். ஒருவரும் சொல்லித் தரவில்லை. முதல் மூடியை ஆர்வத்தில் அதிகம் தேய்த்து, உள்ளே ஷாஃப்ட் இடிக்கும் அளவுக்குக் கெடுத்தார். அந்த மூடியைக் கடைசிவரை மேசை மேலேயே வைத்திருந்தார், தேநீர் டம்ளர் வைக்க. பேக்கிங் வெட்டுவதில் மட்டும் அவருக்குப் பழக வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கிற அந்தத் தாளைத்தான் நாங்கள் பேக்கிங் என்போம். தோல் வெட்டிய கை. தெருவில் அவருக்குப் பேக்கிங் அக்கா என்று பெயர் வந்தது.

பிறகு மூச்சு விஷயத்தையும் கண்டுபிடித்தார். இந்த ட்வின் இன்ஜின்களில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக இறங்கும், ஒன்றாக ஏறும். இறங்கும்போது கீழே இருக்கிற காற்று எங்காவது போயாக வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன வழி உண்டு. அது அடைத்திருந்தால் எந்தப் பேக்கிங்கும் தாங்காது. "மூக்கைப் பொத்திட்டு வாய்க்குத் தாழ்ப்பாள் போட்டா மனுஷன் என்ன ஆவான்?" என்று வண்டிக்காரர்களிடம் கேட்பார். அவர்கள் யோசிப்பதற்குள் அந்த வழியைக் கழற்றி ஊதிக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் அவர் தொடாத ஒன்று இருந்தது: ஆயில் பம்பு. அது தம்பியின் வேலை என்று முதலிலேயே பிரித்துக்கொண்டார்கள். இந்த வண்டிகளில் ஆயில் இன்ஜினுக்குள் இருக்காது. சீட்டுக்குக் கீழே தனி டேங்கில் இருக்கும். ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பம்புக்கு இறங்கி, இன்ஜினைச் சுற்றிவிட்டு இன்னொரு குழாய் வழியாக மேலே திரும்பும். வண்டி நிற்கும்போது டேங்கில் இருக்கிற ஆயில் தானாக இறங்கிவிடாமல் தடுக்க, பம்பில் ஒரு சின்ன இரும்புக் குண்டு ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். குழி தேய்ந்துவிட்டால் போச்சு. இரண்டு நாளில் டேங்க் ஆயில் முழுக்க இன்ஜினின் வயிற்றில் இறங்கி, கிடைத்த இடுக்கிலெல்லாம் வெளியே வரும். அக்கா என்ன தேய்த்தாலும் அதை நிறுத்த முடியாது.

அதனால்தான் அக்கா தாள் வைத்தார். வேலை முடிந்த வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, பெரிய வெள்ளைத் தாளின் மேல் நிறுத்துவார். மூன்று நாள். யாரும் தொடக் கூடாது. மூன்றாம் நாள் தாளை உருவி, இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மூலையிலிருந்து மூலைவரை பார்ப்பார். ஊசி முனை அளவு கறை இருந்தாலும் வண்டி திரும்ப மேசைக்குப் போகும். இல்லையென்றால் தாளின் கீழே தேதி போட்டு, "சொட்டு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வண்டிக்காரரிடம் கொடுப்பார். ஒழுகாத பிரிட்டிஷ் இன்ஜின் என்றால் உள்ளே ஆயில் ஊற்றவில்லை என்று அர்த்தம் என்று உலகம் முழுக்கச் சிரிக்கிற தொழில் இது. அதில் இப்படி ஒரு தாள்! பல் டாக்டர் ஒருவர் அதைச் சட்டம் போட்டுத் தன் பட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "பட்டத்தை யாரும் பாக்கறதில்லைம்மா. இதைத்தான் வாய்க்குள்ள பஞ்சோட எல்லாரும் பாக்கறாங்க" என்று வந்து சொன்னார். அன்று அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் ட்வின்தான் அக்காவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு வெளியூர்களிலிருந்தெல்லாம் வண்டிகள் வேனில் வந்து இறங்கின.

கெமிஸ்ட்ரி சார் வண்டியும் அப்படித்தான் வந்தது. பள்ளிக்கூட ஆசிரியர். மாமா விட்டுப் போன ட்வின். நான்கு மாதம் பொறுமையாகக் காத்திருந்தார். தாள் வைத்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தது. ஆசை தாங்காமல் எட்டரைக்கே வந்துவிட்டார். தம்பி அப்போது பட்டறையில் இல்லை, பக்கத்துத் தெருவில் ஏதோ வேலை. அக்கா தாளை உருவிப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சார் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து, தெருமுனையில் கையசைத்துவிட்டுப் போனார். நானும் கையசைத்தேன்.

ஆறு கிலோமீட்டர் போனதும் இன்ஜின் இறுகிப் பூட்டிக்கொண்டது. பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய், சார் கீழே விழுந்தார். வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு கையில் கட்டோடு வந்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. ஆனால் குரல் நடுங்கியது.

"ஆயில் போகாம எரிஞ்சிருக்குன்னு வேன் டிரைவரே சொல்றாரும்மா. நீங்க ஆயில் ஊத்தினீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

தெருவே கூடிவிட்டது. தம்பி பட்டறைக்குள் நின்றான். அக்கா நேராக வந்து டேங்க் மூடியைத் திறந்தார்.

"விரலை விட்டுப் பாருங்க சார். கழுத்து வரைக்கும் இருக்கு. என் வேலை ஒழுகாம இருக்கறது. ஒரு சொட்டு ஒழுகியிருந்தா காட்டுங்க, நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

"அப்போ ஆயில் ஏம்மா உள்ள போகலை?"

"அதைத்தான் பாக்கப் போறேன். எல்லாருமே பாருங்க. ஒளிச்சு மறைக்க இங்க ஒண்ணும் இல்லை."

பம்புப் பக்கம் குழாயைக் கழற்றினார். டேங்க் நிறைய ஆயில் இருந்தும் குழாயிலிருந்து எதுவும் வரவில்லை. அக்கா நெற்றியைச் சுருக்கினார். குழாயை விரல்களால் அழுத்திக்கொண்டே மேலே போனார். பக்கவாட்டு மூடிக்குப் பின்னால், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கை நின்றது. பிறகு மூடியைக் கழற்றினார்.

இரண்டு சின்ன இரும்புப் பட்டைகள். நடுவில் குழாய். இரண்டு பக்கமும் கையால் திருகும் நட்டு. குழாயைக் கழுத்தை நெரித்தது போல் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கிளாம்பு. டேங்கிலிருந்து ஒரு துளி ஆயிலும் இறங்க வழியில்லை.

"என்னம்மா இது?" என்றார் சார்.

அக்காவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் பட்டறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஐயோ அக்கா! கழட்ட மறந்துட்டியா?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். வெல்டர்தான் முதலில் வாய் திறந்தான். "அக்கா மறக்கற ஆளா? என் வீட்டு கேட்டுக்கு எத்தனை கம்பின்னு எனக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்." யாரோ பின்னாலிருந்து, "வயசாகுதுல்ல" என்றார்கள். சார் தலையை ஆட்டிக்கொண்டே, "வண்டியைத் தம்பிகிட்ட விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். அக்கா கிளாம்பைக் குழாயிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"பயத்துல உளறிட்டான்னு நினைச்சேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். "நாலு பேர் நடுவுல அவன் மானத்தை வாங்க வேணாம், ஆளுங்க போனதும் கேட்டுக்கலாம்னு வாயை மூடிக்கிட்டேன். அந்த அஞ்சு நிமிஷம்தான் நான் பண்ணின தப்பு."

கூட்டம் கலைந்ததும் எதிரிலிருந்து கூப்பிட்டார். "லேத்து, இங்க வா."

போனேன். கிளாம்பை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இந்த மரை உன் லேத்துல போட்டதா?"

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் மரை போட்டால் கடைசிச் சுற்றில் பிசிறை அரம் வைத்து எடுப்பேன். யாரும் கேட்காத வேலை அது, பழக்கம். "ஆமாக்கா. தம்பி கேட்டான். பெட்ரோல் டேங்கைக் கழட்டறப்போ குழாயை அடைக்கணும்னு சொன்னான்."

"எப்போ?"

"ஆறு வருஷம் இருக்கும்."

தம்பி பலகையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனைத் திட்டவில்லை. வண்டிக்காரர்களிடம் கேட்பதுபோலவே, எங்கே கிளம்பியது என்று தேடுகிற குரலில் கேட்டார்.

"எதுக்குடா?"

"பம்புக் குழி சரியா வரலைக்கா. எத்தனை தடவை தேய்ச்சாலும் ரெண்டு நாள்தான் தாங்குது. மூணாவது நாள் இறங்கிடுது."

"என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா? திரும்பப் பிரின்னு சொல்லுவ. பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரி அந்தத் தாளை வெளிச்சத்துல தூக்கிப் பிடிப்ப. மூணு நாளைக்குக் குழாயை அடைச்சு வெச்சா தாள் சுத்தமா இருக்கு. நீ கையெழுத்துப் போட்டதும் ஆயில் அளவு பாக்கற சாக்குல கழட்டிடுவேன். அன்னிக்கு அந்த மனுஷன் சீக்கிரம் வந்து தொலைஞ்சார்."

"அவர் தொலைஞ்சிருப்பார்டா. செத்திருப்பார்."

தம்பி அழுதான். நிஜமாகத்தான் அழுதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

"எத்தனை வண்டிக்கு இப்படிப் பண்ணின?"

"ரெண்டு, மூணு இருக்கும்."

"பல் டாக்டர் வண்டி?"

"அது இல்லக்கா. சத்தியமா அது இல்ல."

"சரி. நாளைக்குச் சார் வீட்டுக்குப் போய் நான்தான் வெச்சேன்னு சொல்லிடு. வேற ஒண்ணும் வேணாம். தாள்ல இருக்கறது என் கையெழுத்து. கிளாம்பு என்னுதில்லைன்னு அவருக்குத் தெரியணும்."

"காலையிலேயே போறேன்க்கா" என்றான் தம்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சொன்னான். அக்கா நம்பினார். நானும் நம்பினேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அக்கா பட்டறைக்கு வரவில்லை. பழைய வண்டிகளைத் தேடிப் போனார். குழாயை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வார். குனிந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, விரலால் தடவுவார். நெரிபட்ட ரப்பர் சுலபத்தில் மறக்காது. குறுக்கே இரண்டு கோடு அப்படியே நின்றுவிடும். உள்ளூரில் ஒன்பது வண்டிகள் பார்த்தார். ஏழில் கோடு இருந்தது.

ஏழாவது, பல் டாக்டருடையது. அவர் வீட்டு கார் ஷெட்டில், வண்டிக்குக் கீழே அகலமான தகரத் தட்டு ஒன்று இருந்தது. அதில் விரல் ஆழத்துக்கு ஆயில்.

"ஒழுகுதா டாக்டர்?"

டாக்டர் பிடிபட்ட பிள்ளை மாதிரி சிரித்தார். "கொஞ்சம்தாம்மா. நாலு நாள் நிறுத்தினா வரும். இந்த வண்டிங்கன்னா அப்படித்தானே."

"எப்போலேருந்து?"

"வாங்கிட்டு வந்த மாசத்துலேருந்தே."

"என்கிட்ட ஏன் வந்து சொல்லலை?"

"தம்பிகிட்டச் சொன்னேனே. 'அக்கா மனசு உடைஞ்சு போயிடும் டாக்டர், அவங்களுக்கு இது ஒண்ணுதான் சந்தோஷம், தெரிய வேணாம்'னார். எனக்கும் நியாயமாப் பட்டுது. வண்டி வெச்சிருக்கற நாங்க எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம், அக்கா காதுல போடறதில்லைன்னு." அவர் இதை ஒரு நல்ல காரியத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். "நீங்க வந்தா இந்தத் தட்டை எடுத்து ஒளிச்சு வெச்சிடுவேன். இன்னைக்குத் திடீர்னு வந்துட்டீங்க."

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக, அவர் தெருவில் நடந்து போகும்போது வண்டிக்காரர்கள் வணக்கம் சொல்வார்கள், பெட்டிக்கடையில் பார்த்தால் தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள், "உங்க கை பட்டா ஒழுகுமாம்மா" என்பார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு தட்டு இருந்திருக்கிறது.

"கிளினிக்ல மாட்டியிருக்கற தாளை எடுத்துடுங்க டாக்டர்."

"இருக்கட்டும்மா. அழகா இருக்கு."

இதை அக்கா என்னிடம் சொன்னபோது அழவில்லை. "பைத்தியக்காரிக்குப் பொம்மை குடுத்து உக்கார வெச்ச மாதிரி வெச்சிருக்காங்க லேத்து" என்றார். பிறகு, "சார்கிட்டயாவது விஷயம் போயிருக்கும். அவர் ஒருத்தர் போதும்" என்றார்.

வியாழக்கிழமை காலை சார் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன், கிளாம்பு செய்தவன் நான்தானே என்றேன். வேண்டாம் என்றார். "தம்பி சொல்லியாச்சு. நான் போய் உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கப் போறேன், அவ்வளவுதான். சாட்சியைக் கூட்டிட்டுப் போனா திருடி மாதிரி இருக்கும்."

இரண்டாவது மாடியில் சின்ன வீடு. சார் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்த நோட்டு மடியில் கிடந்தது. அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்து, அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நன்றாகத்தான் வரவேற்றார்கள்.

"கோபமெல்லாம் இல்லைம்மா. மனுஷங்கதானே" என்றார் சார்.

"தம்பி வந்தானா சார்?"

"செவ்வாய்க்கிழமையே வந்தார். அரை மணி நேரம் இதே இடத்துல உக்காந்து அழுதார்."

அக்காவுக்கு மூச்சு வந்தது. "அவன் பண்ணினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் சார். அந்தக் கிளாம்பை அவன் வெச்சான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா வண்டியைக் குடுத்திருப்பேனா?"

சார் மனைவியைப் பார்த்தார். மனைவி சாரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது.

"அவன் என்ன சொன்னான் சார்?"

"விடுங்கம்மா."

"சொல்லுங்க சார். என்ன சொன்னான்?"

சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். வருத்தப்படுத்தக் கூடாது என்ற கவனம் ஒவ்வொரு வார்த்தையிலும் இருந்தது. "உங்களுக்கு ஞாபகம் முன்ன மாதிரி இல்லையாம். வீட்டுல அடுப்பை அணைக்கக் கூட மறந்துடறீங்களாம். கேட்டா ஒத்துக்க மாட்டீங்க, தம்பி மேலயே பழியைப் போடுவீங்க, அதுக்காக நான் கோவிச்சுக்கக் கூடாதுன்னு சொன்னார். 'எங்கம்மா மாதிரி வளர்த்தவங்க சார், தெருவுல அவங்க பேரு கெட்டுடக் கூடாது'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."

"அவன்தான் வெச்சான் சார்."

"சரிம்மா."

"லேத்துக்காரரைக் கேளுங்க. ஆறு வருஷம் முன்னாடி அவனுக்குச் செஞ்சு குடுத்தவர் அவர்தான்."

"இருக்கலாம்மா. பட்டறையில ஒரு சாமான் இருந்தா யார் வேணா எடுத்து மாட்டலாமே. வண்டியை எனக்குக் குடுத்தது நீங்க. அப்போ அவர் அங்க இல்லவே இல்லை."

சார் கடைசியாகச் சொன்ன இரண்டும் உண்மைதான். சாரின் மனைவி அக்காவின் கை மேல் கை வைத்தார்.

"ஒரு நல்ல டாக்டரைப் பாத்துடுங்கக்கா. ஆரம்பத்துலேயே பாத்தா மருந்து இருக்கு. என் சித்திக்கும் இப்படித்தான் தொடங்குச்சு."

வாசல்வரை வந்து, படி இருக்கிறது பார்த்து இறங்குங்கள் என்று முழங்கையைப் பிடித்துவிட்டார்.

பதினோரு மணிக்கு அக்கா தெருவுக்குள் வந்தார். நான் லேத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். என்னைப் பார்க்காமல் நேராக எதிர்ப் பட்டறைக்குள் போனார். தம்பி சாரின் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தான். தலையை நிமிர்த்தியவன் அவர் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"சார் வீட்டுக்குப் போனியாக்கா?"

"நான் எப்படா அடுப்பை அணைக்க மறந்தேன்?"

தம்பி ஸ்பானரைத் திரும்ப எடுத்தான்.

"ஒரு நாள் சொல்லு. எந்த வருஷம், எந்த மாசம்? ஏதோ ஒரு நாள் மறந்திருந்தேன்னு சொல்லு, நான் போயிடறேன்."

"வேற என்னக்கா பண்ணச் சொல்ற?" என்று வெடித்தான் தம்பி. "நான் வெச்சேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு வண்டி இந்தத் தெருவுக்குள்ள வராது. நீன்னா பாவம்னு விட்டுடுவாங்க. விட்டுட்டாங்களே! அந்த மனுஷன் இன்ஜினை எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிருக்கார், பாரு. பட்டறை நிக்குதுல்ல? நமக்குத்தானே?"

"போறேன்னு என் கண்ணைப் பாத்துச் சொன்னியே."

"போனேனே."

அக்கா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது கோபப் பார்வை இல்லை. வாசலில் நின்ற எனக்கு, அவர் ஏதோ ஒன்றை முதல்முறை அளந்து பார்ப்பது போல இருந்தது. பிறகு இடுப்பிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்து இன்ஜின் துண்டுகளுக்கு நடுவே வைத்தார். சுவரில் தொங்கிய தன் மேல்சட்டையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, கோவத்துல எதுவும் பண்ணாத. உக்காரு. டீ சொல்றேன்."

அக்கா படியிறங்கினார்.

"அக்கா! சார் இன்ஜினுக்குப் பேக்கிங் யார் வெட்டுவா?"

அக்கா திரும்பினார். பத்தொன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி போகும்போது அவன் கேட்டது அதுதான் என்பதை அவர் கேட்டுக்கொண்டார் என்று எனக்குப் பட்டது.

"கடையில விக்குது. வாங்கிப் போட்டுக்கோ" என்றார்.

பதினொன்றரை பஸ்ஸில் ஏறிப் போனார். இப்போது ஊருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்றில், சீல்களைச் சோதித்து எண் முத்திரை குத்துகிற வேலையில் இருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டியதில்லை, அது நிம்மதியாக இருக்கிறது என்கிறார். சாரிடம் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பாவம், அந்தம்மா உங்களையும் ரொம்பக் கெஞ்சியிருக்காங்க போல" என்றார்.

அக்கா பஸ் ஏறிப் போன அன்று தம்பி பட்டறை வாசலுக்கு வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: "கோவம் ஆறினா வந்துடுவால்ல?"

இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் அதையே கேட்கிறான்.